கட்டை, கூடு, குடைவு: மூன்று கிட்டார் உடல்கள்

கிட்டார் வாங்கப் போகிறவர் முதலில் செய்வது, அதை மடியில் வைத்து ஒரு ஜி கார்டு வாசித்துப் பார்ப்பதுதான். சாதாரண அக்கூஸ்டிக்குக்கு அது சரியான சோதனை. உடலுக்குள் அறைகள் குடைந்து செய்த அக்கூஸ்டிக்-எலெக்ட்ரிக் கிட்டாரை அப்படிச் சோதித்தால் அது தோற்றுத்தான் போகும். சத்தம் எழும்பாது, கீழ் ஸ்வரங்கள் மெலிந்து கேட்கும். "அக்கூஸ்டிக்கும் இல்லை, எலெக்ட்ரிக்கும் இல்லை, இரண்டும்கெட்டான்" என்று திருப்பி வைத்துவிடுவோம். நானும் ஒருமுறை அப்படித்தான் திருப்பி வைத்தேன். அந்த முடிவு தவறு என்று புரிந்தது ஒரு மேடையில்.

அன்று கையில் இருந்தது பெரிய வயிறு கொண்ட டிரெட்நாட் வகை அக்கூஸ்டிக். வீட்டில் வாசிக்கும்போது நெஞ்சோடு சேர்ந்து அதிரும், அருமையான கிட்டார். மேடையில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. மானிட்டரை, அதாவது வாசிப்பவர் தன்னைக் கேட்க வைக்கும் மேடை ஸ்பீக்கரை, ஏற்றச் சொன்னேன். ஆறாவது ஸ்ட்ரிங்கில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திய நொடியில் ஒரு ஊளை கிளம்பியது. உள்ளங்கையால் ஸ்ட்ரிங்குகளை அமுக்கினேன், நிற்கவில்லை. முன்கையை மேல்பலகையின் மீது அழுத்தியதும் அடங்கியது. கையை எடுத்ததும் மறுபடி கிளம்பியது. பாட்டு முடியும்வரை அந்த ஒரு ஸ்வரத்தை ஒதுக்கியே வாசித்தேன்.

ஸ்ட்ரிங்கை அமுக்கி நிற்காத ஊளை, பலகையை அமுக்கி நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு ஸ்வரம் வரும். துளையுள்ள எந்தக் கூட்டுக்கும் அப்படி ஒரு சொந்த ஸ்வரம் உண்டு. டிரெட்நாட் உடலுக்குள் இருக்கும் காற்றுக்கு அது ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். நான் அழுத்திய ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். மானிட்டரிலிருந்து வரும் சத்தம் கூட்டையும் மேல்பலகையையும் ஆட்டுகிறது. பலகை, ஸ்ட்ரிங்குகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜை ஆட்டுகிறது. பிரிட்ஜில் உட்கார்ந்து அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப் அதை மறுபடி மானிட்டருக்கே அனுப்புகிறது. சுற்றச் சுற்ற வளரும் வட்டம். மேல்பலகைக்கும் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இன்னொரு சொந்த ஸ்வரம் உண்டு, அங்கேயும் இதே தொல்லை. அறையில் நம் நெஞ்சை அதிரவைத்த அதே 100 ஹெர்ட்ஸ்தான் மேடையில் ஊளையிட்டது. ரப்பர் மூடியால் மேல்பலகையின் துளையை (சவுண்ட்ஹோல்) அடைக்கலாம், அந்த ஒரு அலைவரிசையை மட்டும் நாட்ச் ஃபில்டரால் வெட்டலாம், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சைத் திருப்பிப் பார்க்கலாம். ஓரளவு பலிக்கும். ஆனால் கூடு கூடாக இருக்கும்வரை சிக்கல் அடியோடு போகாது.

இனி மூன்று உடல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

எது கூடு, எது குடைவு?

ஹாலோ பாடி என்பது வீடு கட்டுவதுபோல. இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் மெலிந்த மேல்பலகை, பின்பலகை, வளைத்த பக்கப் பலகைகள் எல்லாம் ஒட்டப்பட்டு ஒரு கூடு உருவாகிறது. ஸ்டீல் ஸ்ட்ரிங்குகளின் இழுவையைத் தாங்க உள்ளே பிரேஸ்கள் என்ற தாங்கு பட்டைகள். சேம்பர்டு பாடி மலையைக் குடைந்து குகை செய்வதுபோல. முழு மரக்கட்டையை எடுத்து, ரவுட்டர் என்ற மரம் குடையும் இயந்திரத்தால் உள்ளே அறைகளைக் குடைந்து, மேலே ஒரு பலகையை ஒட்டுகிறார்கள். சுவர்கள் கட்டையின் பகுதியாகவே நிற்கின்றன. சாலிட் பாடியில் பிக்கப்புக்கும் ஒயருக்கும் வேண்டிய பள்ளத்தைத் தவிர எல்லாம் மரம்.

நடுவில் செமி ஹாலோ என்ற இன்னொன்றும் உண்டு. 1958ல் வந்த கிப்சன் இஎஸ்-335 அதன் முன்மாதிரி: கட்டிய கூடுதான், ஆனால் நட்டநடுவில் மேப்பிள் கட்டை ஓடுகிறது. அதைச் சேம்பர்டு என்று சொல்வது சரியல்ல. மறுபக்கம், 1953ல் வந்த கிரெட்ச் டுவோ ஜெட் பார்வைக்குச் சாலிட் பாடி, உள்ளே பார்த்தால் குடைவுகள். 1968ல் ஃபெண்டருக்காக ரோஜர் ராஸ்மீஸல் வடிவமைத்த டெலிகாஸ்டர் தின்லைனும் குடைந்ததுதான். ஆக, குடைவு புதிய சரக்கு அல்ல.

புதிது எது என்றால், குடைந்த உடலை அக்கூஸ்டிக் நாதத்துக்காகவே வடிவமைத்தது. 1980களின் தொடக்கத்தில் கிப்சனின் செட் அட்கின்ஸ் நைலான் ஸ்ட்ரிங் கிட்டார், பிறகு கோடின் மல்டியாக், 2005ல் டெய்லர் டி5, 2019ல் ஃபெண்டர் அக்கூஸ்டாசோனிக் டெலிகாஸ்டர் என்று இந்த வரிசை வளர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. விவரப் பட்டியலில் "சேம்பர்டு" என்று இருந்தால் உடனே மயங்கிவிடக் கூடாது. எடையைக் குறைப்பதற்காக மட்டுமே குடையப்பட்ட எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஏராளம். அவற்றின் மேல்பலகை தடிமனாகவே இருக்கும், பிரிட்ஜுக்குக் கீழே கெட்டி மரம் இருக்கும். முதுகுவலி குறையும், அக்கூஸ்டிக் நாதம் வராது. பிரிட்ஜ் எதன் மேல் நிற்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

விரல்மொட்டுச் சோதனை

பிரிட்ஜுக்குப் பின்னால், மேல்பலகையில், நடுவிரல் மொட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஹாலோ கிட்டார் "தொம்" என்று பதில் சொல்லும், ஸ்ட்ரிங்குகளும் கூடவே முனகும். சாலிட் "டொக்" என்று மேசையைத் தட்டியதுபோல முடித்துக்கொள்ளும். நல்ல சேம்பர்டு கிட்டார் "டொப்" என்று குட்டையான, கொஞ்சம் உயர்ந்த சத்தம் தரும். அப்படியே விரலை ஓரத்துக்கு நகர்த்தினால், சுவர் இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று "டொக்" ஆகிவிடும். இப்படித் தட்டியே உள்ளே அறைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று ஒரு வரைபடம் போட்டுவிடலாம். எனக்கு இது இன்றும் சலிக்காத பழக்கம்.

இந்தச் சின்னச் சத்த வேறுபாட்டுக்குள்தான் மூன்றின் குணமும் இருக்கிறது. ஸ்ட்ரிங்கை இழுத்து விடும்போது நாம் கொடுப்பது ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி. அதை யார், எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறார்கள் என்பதே கேள்வி. ஹாலோவில் மேல்பலகை அதை வேகமாக வாங்கிக் காற்றில் கொட்டுகிறது. அதனால் ஸ்வரம் பளிச்சென்று மலர்ந்து சீக்கிரம் அடங்குகிறது. சாலிடில் பிரிட்ஜ் அசைய மறுக்கிறது. சக்தி ஸ்ட்ரிங்கிலேயே தங்குகிறது, ஸ்வரம் நீள்கிறது. லீட் வாசிப்பவர்கள் விரும்பும் சஸ்டெயின் இதுதான். 1940ஐ ஒட்டி கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு சதுர மரக்கட்டையில் நெக்கைப் பொருத்தி, பார்வைக்காக இருபுறமும் கிட்டார் உடலின் பாதிகளை ஒட்டிச் செய்து காட்டியது இந்த உண்மையைத்தான்: ஸ்ட்ரிங்கைப் பிக்கப் கேட்டால் போதும், கூடு வேண்டாம்.

சேம்பர்டு உடல் அந்தச் சக்தியில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அறையை நிரப்ப அது போதாது. ஆனால் ஸ்ட்ரிங்கின் நடத்தையை மாற்ற அது போதும்.

பீசோ எதைக் கேட்கிறது?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேக்னடிக் பிக்கப் காந்தப்புலத்துக்குள் இரும்பு ஆடுவதை மட்டும் உணரும். பீசோ பிக்கப் பெரும்பாலும் சாடிலுக்கு, அதாவது பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் மெல்லிய துண்டுக்கு, அடியில் இருக்கிறது. அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தருகிறது. ஸ்ட்ரிங் மேலிருந்து அழுத்துகிறது, உடல் கீழிருந்து அசைகிறது, இரண்டுக்கும் நடுவே அது. எனவே பீசோ தனியாக ஸ்ட்ரிங்கைக் கேட்பதில்லை, ஸ்ட்ரிங்கும் உடலும் நடத்தும் உரையாடலைக் கேட்கிறது.

சாலிட் உடலில் பீசோ வைத்த கிட்டார்கள் உண்டு. 1993ல் வந்த பார்க்கர் ஃப்ளை அந்த வகையில் புகழ்பெற்றது. தெளிவாக, பளபளப்பாக ஒலிக்கும். ஆனால் கெட்டியான உடலில் பீசோவுக்குக் கேட்க ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஸ்ட்ரம் அடிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தேவைக்கு மேல் நீண்டு, அடுத்த கார்டின்மேல் வழிகிறது. அக்கூஸ்டிக் ஸ்ட்ரம்மிங்கின் அழகே அடித்ததும் மலர்ந்து அடுத்த அடிக்கு இடம்விடுவது. ஈக்யூவால் அலைவரிசைகளை எத்தனை ஏற்றி இறக்கினாலும் அந்த இடைவெளியை உண்டாக்க முடியாது, ஏனென்றால் அது நேரம் சம்பந்தப்பட்டது, அலைவரிசை சம்பந்தப்பட்டது அல்ல.

குடைந்த உடலின் மேல்பலகை பிரிட்ஜுக்குக் கீழே கொஞ்சமாவது அசைகிறது. அந்த அசைவு ஸ்ட்ரிங்கின் வாலைச் சற்றே கத்தரிக்கிறது. பீசோவுக்கு இரண்டு பக்கமும் கேட்கக் கிடைக்கிறது. மேல்பலகையின் பரப்பு சிறிது, சுவர்கள் விறைப்பு, உள்ளே காற்று குறைவு என்பதால் மானிட்டர் அதைத் திருப்பி ஆட்டுவதும் கடினம். அசைவு உண்டு, ஊளைக்கு வேண்டிய அளவு இல்லை. இந்த அளவைப் பிடிப்பதுதான் செய்பவரின் திறமை. அறைகளின் குறைந்த சத்தத்தைப் பார்த்து இதை மட்டமான அக்கூஸ்டிக் என்று சொல்வது, என்னைப் பொறுத்தவரை, அளக்கக் கூடாத கோலால் அளப்பது. இது ஸ்பீக்கர் வழியாகக் கேட்பதற்கென்றே செய்த அக்கூஸ்டிக்.

குறைகளும் உண்டு. பலமாக ஸ்ட்ரம் அடித்தால் பீசோவின் அந்தப் பிளாஸ்டிக் சத்தம், வாத்து கத்துவதுபோல ஒன்று, எட்டிப் பார்க்கும். இன்று பல கிட்டார்களிலும் பெடல்களிலும் நிஜ அக்கூஸ்டிக் உடலின் அதிர்வைப் பதிந்துவைத்துக் கலக்கும் வசதி வந்துவிட்டதால் இது பெருமளவு தணிந்திருக்கிறது. ஆனால் எல்லாம் பேட்டரியை நம்பியது. நிகழ்ச்சி நடுவே பேட்டரி தீர்ந்தால் குடைந்த கிட்டாரின் கதை அங்கே முடிந்தது; டிரெட்நாட்டுக்கு முன்னால் ஒரு மைக்கையாவது நிறுத்தலாம்.

மேக்னடிக் பிக்கப்பும் சேர்ந்து வரும் மாடல்களில் இன்னொரு நுணுக்கம். வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் ஸ்ட்ரிங்குகளில் காந்தத்துக்குத் தெரிவது உள்ளிருக்கும் ஸ்டீல் மட்டுமே. சுற்றில்லாத முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகள் முழுக்கத் தெரியும். அதனால் பி ஸ்ட்ரிங் மற்றவற்றை மிஞ்சிக் கத்தும். நிக்கல் சுற்றியதைப் போட்டால் அந்தப் பக்கம் சமமாகும், அக்கூஸ்டிக் மினுமினுப்பு கொஞ்சம் குறையும்.

நைலான் ஸ்ட்ரிங் வாசிப்பவர்களுக்கோ இந்தத் தயக்கமே தேவையில்லை என்பேன். நைலானைக் காந்தம் உணராது, பீசோதான் வழி. கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகை மிக இலேசானது, மேடையில் முதலில் ஊளையிடுவதும் அதுதான். டிரம்ஸோடு சேர்ந்து நைலான் வாசிக்க வேண்டுமென்றால் குடைந்த உடலைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை.

கையிலும் தோளிலும்

நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு இதுவும் முக்கியம். டிரெட்நாட் இலேசானது, ஆனால் அதன் நாலைந்து அங்குல ஆழம் வலது தோளைத் தூக்கிவிடும். லெஸ் பால் வகைச் சாலிட் கிட்டார் மெலிது, ஆனால் நாலு கிலோவைத் தாண்டுவது சகஜம். குடைந்தவை இரண்டு அங்குலத்தை ஒட்டிய ஆழம், பெரும்பாலும் இரண்டரை கிலோ சுற்றுவட்டம். மூன்றில் உடம்புக்கு இதமானது இதுதான். நெக்கும் எலெக்ட்ரிக்கைப் போல மெலிந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலும் கை தாராளமாகப் போகும்.

ஸ்ட்ரிங்குகளின் இழுவையும் வேறு. 12ல் (மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொடங்கும் அக்கூஸ்டிக் செட் மொத்தமாக எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கிறது, 10ல் தொடங்கும் எலெக்ட்ரிக் செட் நாற்பத்தைந்தை ஒட்டி. சாலிடில் ஸ்ட்ரிங்கைத் தள்ளி ஸ்வரத்தை உயர்த்தும் பெண்ட் செய்து பழகிய விரல் டிரெட்நாட்டில் திணறுவது இதனால்தான். குடைந்தவற்றில் பொதுவாக இரண்டுக்கும் இடைப்பட்ட ஸ்ட்ரிங்குகள் வருகின்றன.

ஒலிப்பதிவில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அமைதியான அறை, நல்ல ஹாலோ கிட்டார், பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி ஒரு மைக். இதன் பக்கத்தில் எந்தக் குடைவும் நிற்க முடியாது. பலமான டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் சாலிட்தான். குடைந்த உடல் அங்கே கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கும். உடலைத் தட்டித் தாளம் போடும் ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்புக்கு ஹாலோ முதலிடம். ஒரே நிகழ்ச்சியில் ஸ்ட்ரம்மும் லீடும் மாறி மாறி வருகிறதா, பக்கத்தில் டிரம்ஸ் இருக்கிறதா, அப்போது குடைந்ததை எடுங்கள்.

எடுக்கும் முன் சோதிக்க வேண்டிய விதம் இது. கிட்டார் ஆம்பில் இணைக்காதீர்கள், அது எலெக்ட்ரிக்குக்காகச் செய்தது, மேல் அலைவரிசைகளை விழுங்கிவிடும். முழு அலைவரிசையும் தரும் ஸ்பீக்கர் ஒன்றைக் கேளுங்கள். மேடையில் வேண்டிய அளவுக்குச் சத்தத்தை ஏற்றுங்கள். ஸ்பீக்கரை நேராகப் பார்த்து மூன்றடி தூரத்தில் நின்று, ஆறாவது ஸ்ட்ரிங்கின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி ஸ்வரத்தை ஓடவிடுங்கள். பிறகு திறந்த ஏ, பிறகு டி. எங்கேனும் ஸ்வரம் தானாக வீங்குகிறதா என்று காது கொடுங்கள். அதன்பின் ஒரு கார்டைப் பலமாக அடித்து, அது அடங்க எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.