பசார் பக்கத்துப் பேப்பர் கடை: ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பசாருக்கு, அதாவது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேப்பர் கடை. பலகையில் பெயர்கூட அழிந்துவிட்டது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே நிற்பேன்.

முதலில் குறை. கட்டு வருகிற நேரம் நிச்சயமில்லை, மழை நாளில் ஓரம் நனைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குப் போனால் மலேசிய நண்பன் பேப்பரும் இருக்காது, மக்கள் ஓசை பேப்பரும் இருக்காது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019இல் நின்றபோது, அது இருந்த தட்டில் கடைக்காரத் தம்பி டாப்-அப் அட்டைகளை அடுக்கினார். அந்தப் பக்கம் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்காது.

ஆனாலும் போகிறேன். காரணம் டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பப்பாளி இலைச் சாறு மூன்று நாள் குடித்தால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம், "பெரிய டாக்டர் சொன்னது". எந்த டாக்டர், எந்த ஊர், எந்தத் தேதி? ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கியதும் சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிட்டார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுந்துவிடும். நான் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் காரை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் கடையில் இதைச் சொன்னேன். தம்பி பழைய கட்டிலிருந்து ஒரு பேப்பரை உருவினார். அதிலும் டிங்கி செய்தி. நிருபர் பெயர், பேசிய சுகாதார அதிகாரியின் பெயர், பதவி எல்லாம் இருந்தது. "டிரெசர் ஐயா, இது தப்புன்னா இவங்க கதவைத் தட்டலாம். அந்தக் குரலுக்கு எந்தக் கதவைத் தட்டுறது?" என்றார்.

பேப்பர்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு பத்திரிகை பழைய வெள்ளப் படத்தைப் புதுசு என்று போட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துக் கொசு அளவு எழுத்தில் திருத்தம் போட்டது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா மூழ்கியபோது என் மகள் மாடியில் மாட்டிக்கொண்டாள். எந்தத் தெருவுக்குப் படகு வருகிறது என்று முகநூலில் சொன்னது அங்கேயே தண்ணீரில் நின்றவர்கள்தான். பேப்பர் மறுநாள்தான் வந்தது.

அப்புறம், தம்பியின் மகள் கல்லாவில் இருந்தால் சந்தேகமான செய்தியை 'செபெனார்ஞா' என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தில் தேடித் தருவாள். அரசாங்கத்தின் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய தளம் அது. மருந்து, மோசடி விஷயத்துக்கு நல்லது. அரசாங்கத்தைத் திட்டும் செய்தி உண்மையா என்று அங்கேயே கேட்பது மட்டும், கங்காணி மேல் உள்ள புகாரைக் கங்காணியிடமே கொடுக்கிற மாதிரி. அதற்கு இரண்டு மூன்று பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். நின்றபடியே படித்தால் தம்பி முறைப்பார். காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.

மீதி ஒன்றரையை, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு நண்பன் எடுத்துவைத்தால் தருகிறேன்.