கோலாலம்பூர்–லண்டன்: தூரம் சரி, நேரம்தான் இடிக்கிறது

விமானத் தூரம் பார்க்கும் தளங்களில் தலைவலி தராதது கிரேட் சர்க்கிள் மேப்பர். பார்க்கப் பழசு, வேலை சுத்தம். விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளைக் கே.யு.எல்., ஒரு சிறு கோடு, எல்.எச்.ஆர். என்று தட்டினால் கோலாலம்பூரிலிருந்து ஹீத்ரோவுக்குச் சுமார் 10,600 கிலோமீட்டர் என்று வரும். 6,590 என்று வந்தால் அது மைல். 5,730 என்றால் கடல் மைல். ஊர்ப் பெயர் போடாதீர்கள். லண்டன் என்றால் கேட்விக்கும் உண்டு, கோலாலம்பூர் என்றால் சுபாங்கும் உண்டு.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயண நேரத்தில்தான் இந்த வகைத் தளங்கள் சறுக்குகின்றன. மணிக்கு 850, 900 கிலோமீட்டர் என்று ஒரே வேகத்தால் வகுத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி ஒரு விடை தரும். கால அட்டவணையிலோ போக ஏறக்குறைய 14 மணி நேரம், வர 13. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

வரைபடத்தில் விழும் கோட்டையும் உற்றுப் பாருங்கள். வங்காள விரிகுடா, லக்னோ பக்கம், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடலின் வடகோடி, தென் ரஷ்யா, கீவ் நகருக்குச் சற்று வடக்கே உக்ரைன், அப்புறம் வார்சா. 2014-இல் மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.17 விமானம் வீழ்த்தப்பட்ட இடமும் இந்தக் கோட்டுக்கு வெகு தொலைவில் இல்லை. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. விமானம் சுற்றித்தான் போகும். அந்தச் சுற்று தளத்தின் கணக்கில் வராது.

அதனால் வேகத்தை நீங்களே கொடுங்கள்: போக மணிக்கு 760 கிலோமீட்டர், வர 815. விடை அட்டவணையோடு ஒத்துப்போகும். இதே எண்ணைச் சென்னைக்குப் போட்டால் உதைக்கும். சுமார் 2,630 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் என்று வரும். அட்டவணை நான்கை ஒட்டி நிற்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதும் எங்கே போனாலும் கிட்டத்தட்ட அதே நேரத்தைத் தின்னும், குட்டிப் பயணத்தில் அது பெரிதாகத் தெரியும்.

இறங்கும் நேரம் சொல்லும் தளம் தேதி கேட்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் நம் கடிகாரம் மாறாது, பிரிட்டனில் கோடைக்கு ஒரு மணி நேரம் மாறும். இங்கே இரவு 11-க்குக் கிளம்பி 14 மணி நேரம் போனால் ஜூலையில் அங்கே காலை 6, ஜனவரியில் 5.

பினாங்குக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாயான் லெப்பாஸில் இருக்கும் பினாங்கு விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு 10,280 கிலோமீட்டர் என்று தளம் ஆசை காட்டும். நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூர் வழி என்றால் 325 கிலோமீட்டர் தெற்கே வந்து மறுபடி வடமேற்கே திரும்ப வேண்டும். மூன்று குறியீடுகளையும் கோத்துத் தட்டுங்கள், ஏறக்குறைய 10,930 என்று வரும். காத்திருக்கும் நேரத்தை நீங்களேதான் கூட்டிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்து, கோலாலம்பூரில் டெர்மினல் 2-இல் இறங்கி 1-இல் ஏறுவதாக இருந்தால், பெட்டியை எடுத்து, ரயில் பிடித்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இடையில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள்.