இரண்டு முறை ஓரங்கட்டப்பட்ட குவாண்டாஸ் ஏ380: திரும்பி வந்தபின் எப்படி இருக்கிறது?

ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் ஏ380கள், அதாவது ஏர்பஸின் இரண்டடுக்கு விமானங்கள், இரண்டு முறை மொத்தமாகப் பறக்காமல் நின்றிருக்கின்றன. 2010 நவம்பரில் 23 நாள். 2020 மார்ச்சிலிருந்து கிட்டத்தட்ட 2 வருடம். முதல் முறை, பறக்கும்போதே ஓர் இன்ஜின் வெடித்தது. இரண்டாவது முறை ஏற்றுவதற்குப் பயணிகளே இல்லை. கேட்டவுடன் முதலாவதுதான் பயமுறுத்தும். ஆனால் பராமரிப்புக்காரர்களைக் கேட்டால் இரண்டாவதுதான் தலைவலி என்பார்கள். வெடித்த இன்ஜின் விஷயத்தில் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. சும்மா நின்ற விமானத்தில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே பெரிய வேலை.

முதல் கதை சுருக்கமானது. 2010 நவம்பர் 4 அன்று, நான்சி-பேர்ட் வால்டன் என்று பெயரிட்ட விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிச் சில நிமிடங்களில் இடது இறக்கையின் உள்பக்க இன்ஜின் சிதறியது. உள்ளே 469 பேர், ஒருவருக்கும் காயமில்லை. சிக்கியது ஒரு சிறிய எண்ணெய்க் குழாய். தயாரிக்கும்போது அதன் வாயைக் கடைந்து அகலப்படுத்தியதில் மையம் விலகிப்போய், ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிட்டது. மெலிந்த இடத்தில் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து, தீப்பிடித்து, நடு அழுத்த டர்பைனின் தட்டு தண்டிலிருந்து பிரிந்தது. பிடிப்பில்லாமல் வேகமெடுத்த தட்டு உடைந்து இறக்கையைத் துளைத்தது.

காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவிட்டால் வேலை எளிது. அப்போது உலகம் முழுக்க இதே ரக ட்ரென்ட் 900 இன்ஜினோடு பறந்தவை 20 ஏ380கள்தான்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 11, குவாண்டாஸிடம் 6, லுஃப்தான்சாவிடம் 3. மொத்தம் 80 இன்ஜின். ஒவ்வொன்றிலும் அந்தக் குழாயைப் பார், எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார், சந்தேகம் வந்தால் இன்ஜினையே மாற்று. நவம்பர் 27 அன்று குவாண்டாஸின் முதல் ஏ380 சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக லண்டனுக்குப் பறந்தது.

அன்றைக்கு அந்நிறுவனம் எடுத்த முடிவுகளில் பாராட்ட வேண்டியது வேறொன்று. லண்டன் பாதையைத் திறந்தபோதும் லாஸ் ஏஞ்சலஸ் பாதையைத் திறக்கவில்லை. அங்கிருந்து சிட்னிக்கு எரிபொருளை நிரப்பிக்கொண்டு எழும்ப, இன்ஜினின் உச்சபட்ச உந்துவிசையான 72,000 பவுண்டை அடிக்கடி கேட்க வேண்டியிருக்கும். குழாய்க்கு அதிகச் சிரமம் கொடுப்பதும் அந்தக் கணங்கள்தான். அதனால் 2011 ஜனவரி நடுப்பகுதி வரை லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏ380 கிடையாது. லாபமான பாதையைக் கொஞ்ச நாள் விட்டுக்கொடுத்து, இன்ஜினை இதமாக ஓட்டிப் பார்த்தது நல்ல நடைமுறை. அடிபட்ட விமானத்தைச் சிங்கப்பூரிலேயே வைத்துச் சரிசெய்ய 13.9 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவானது. 2012 ஏப்ரலில் அதுவும் திரும்பியது.

இனி இரண்டாவது.

2020இல் 12 விமானங்களும் நின்றன; பெரும்பாலானவை கலிஃபோர்னியாவின் விக்டர்வில் பாலைவனத்தில். பாலைவனத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது: ஈரமில்லை, துரு குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும், லுஃப்தான்சாவும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஸ்பெயினின் தெருயேலுக்கும் போனது இதே கணக்கில்தான். ஆனால் பாலைவனத்தில் ஈரம் இல்லாவிட்டாலும் மணலும் வெயிலும் உண்டு, உயிரினங்களும் உண்டு. விக்டர்வில்லில் சூடான டயரைச் சுற்றிச் சுருண்டு படுக்கச் சலங்கைப் பாம்புகள் வரும். ஆய்வுக்குப் போகும் பொறியாளர் முதலில் ஒரு துடைப்பக்கட்டையால் சக்கரங்களைத் தட்டி, காலை ஓங்கி மிதித்து, எதிர்ப்பு வராவிட்டால்தான் குனிவார். ஒவ்வொரு விமானத்துக்கும் பதிவெண் எழுதிய தனிக் கட்டை ஒன்று இருந்தது என்பது குவாண்டாஸ் பொறியாளர்களே சொன்னது. விமானத் துறையின் அதிகாரபூர்வக் கருவிப் பட்டியலில் இதற்கு இடம் கொடுக்கலாம்.

நின்ற விமானத்தில் என்ன கெடும்? விமானத்துக்கு மூன்று கடிகாரங்கள்: பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய தடவைகள், நாட்காட்டி. பறக்காதபோது முதல் இரண்டும் நின்றுவிடும். மூன்றாவது ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் உருளை, தீயணைப்பான் ஆகியவை நாட்காட்டிக் கணக்கில் காலாவதி ஆகுபவை. ரப்பர் சீல் காய்ந்து சுருங்கும். டயர் ஒரே இடத்தில் எடையைத் தாங்கினால் அந்த இடம் தட்டையாகும். அதனால் குறித்த நாட்களுக்கு ஒரு முறை விமானத்தை நகர்த்தி வைக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரில் நுண்ணுயிர் வளரும். தண்ணீரை வடிக்காமல் விட்டால் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் குழகுழவென்று சேர்ந்து வடிகட்டியை அடைக்கும்.

இதில் மருந்தே நோயாவதும் உண்டு. நுண்ணுயிரைக் கொல்லக் காத்தான் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை 2020 வரை எரிபொருளில் கலந்துவந்தார்கள். அளவு, பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு. 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஏ321இல் இதைக் கலந்தவர் கணக்கை மாற்றிப் போட்டு, பரிந்துரைத்ததைப் போல 38 மடங்கு ஊற்றிவிட்டார். காட்விக்கிலிருந்து கிளம்பியதும் இரண்டு இன்ஜின்களும் திணறின. விமானம் திரும்பி வந்து இறங்கியது. ஏ380இல் எரிபொருள் கொள்ளளவே சுமார் 3,20,000 லிட்டர் என்பதால், இந்தக் கணக்கை ஒருவர் போட்டு இன்னொருவர் சரிபார்ப்பதுதான் முறை.

வெளிப்புறத்தில் கவலைப்பட வேண்டிய முதல் இடம் பிட்டோ குழாய். வேகம் அளக்கும் இந்தச் சிறிய குழாய்க்குள் பூச்சி கூடு கட்டினால் விமானிக்குக் கிடைக்கும் வேகம் பொய்யாகிவிடும். 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது: நீண்ட நாள் நின்று கிளம்பிய விமானங்களில் நம்ப முடியாத வேகக் காட்டல்கள் கூடியிருந்தன. உறை போட்டிருந்தாலும் போதாது. உறையை எடுத்தபின் குழாயைச் சுத்தம் செய்து, கசிவு பார்த்த பிறகே கிளப்ப வேண்டும். அதே வருடம் ஜூலையில், ஒரு வாரம் நின்ற போயிங் 737களில்கூட இன்ஜின் காற்று வால்வு துருப்பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொள்வதாகக் கண்டுபிடித்து, அமெரிக்காவில் அவசர ஆணை போட வேண்டியிருந்தது. ஏழே நாள்.

குவாண்டாஸ் ஓர் ஏ380யை எழுப்பச் செலவிட்ட உழைப்பு 4,500 மணி நேரத்துக்கு மேல். தினமும் சராசரியாக 10 பொறியாளர்கள், 2 மாதம். 22 சக்கரங்களும் மாற்றம், 16 பிரேக்குகளும் மாற்றம், ஆக்சிஜன் உருளைகளும் தீயணைப்பான்களும் மாற்றம். 22 சக்கரத்துக்கு 16 பிரேக் என்ன கணக்கு என்றால்: மூக்குச் சக்கரம் இரண்டுக்கும் பிரேக் கிடையாது. இறக்கைக்குக் கீழே உள்ள 8க்கும் உண்டு. உடலுக்குக் கீழே உள்ள 12இல் முன்னால் உள்ள 8க்கு மட்டும் உண்டு. இத்தனை இருந்தும், பின்னோக்கி உந்தும் வசதி உள்பக்க இன்ஜின் இரண்டில் மட்டுமே. விமானத்தை நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு பிரேக்குகளுடையதுதான். எனவே எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட்டது ஆடம்பரம் இல்லை.

ஒரு விமானத்தை நகர்த்தும்போதே எவ்வளவு சிக்கல் வரும் என்பதற்கு லுஃப்தான்சாவின் உதாரணம். 2022 டிசம்பரில் தெருயேலிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு அவர்கள் கொண்டுவந்த ஏ380, வழி முழுக்க லேண்டிங் கியரை (சக்கரத் தொகுதியை) மடக்காமல் பறந்தது. பயணிகள் இல்லாத இடமாற்றப் பறப்பில் இப்படிச் செய்ய அனுமதி வாங்கலாம். குவாண்டாஸ் எழுப்பிய முதல் ஏ380, 2021 நவம்பர் 9 அன்று ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் பெரிய பராமரிப்பு முடித்து நேராகச் சிட்னி வந்தது. 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் சேவை. 12இல் 10 மட்டுமே திரும்பும், 2 ஓய்வு என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். உற்பத்தி 2021இல் நின்றுபோன விமானத்துக்கு இது புத்திசாலித்தனம்: மொத்தமே 251 விற்பனையான ரகத்துக்கு உதிரிபாகம் தேடி அலைவதைவிட இரண்டைப் பிரித்துப் பயன்படுத்துவது மேல்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். அது 2 வருடம் நின்றதால் வந்ததில்லை. சாதாரணப் பராமரிப்பில் வந்தது. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குவாண்டாஸ் ஏ380யின் இன்ஜினை போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமரா) வைத்துப் பார்த்தார்கள். பார்க்கும்போது உள்ளிருக்கும் பகுதியைக் கையால் சுழற்ற 1.25 மீட்டர் நீள நைலான் கருவி ஒன்றை உபயோகிப்பார்கள். வேலை முடிந்தது, கருவி இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. கருவிக் கணக்கில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தும், தொலைந்த கருவியைத் தேடும் நடைமுறையைத் தொடங்காமலே விமானத்தை விடுவித்திருக்கிறார்கள். 34 பறப்புகள், ஏறக்குறைய 294 மணி நேரம் அது உள்ளேயே பயணம் செய்தது; 2024 ஜனவரி 1 அன்று கிடைத்தபோது சூட்டில் உருக்குலைந்திருந்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. 4,500 மணி நேரம் உழைத்து எழுப்பிய விமானக் கூட்டத்தில், ஓர் ஆளின் நெஞ்சளவு நீளமுள்ள குச்சியை எண்ணாமல் விட்டது மன்னிக்கக் கூடியதில்லை.

உள்ளே ஏறினால் நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2019இல் தொடங்கிய உட்புற மாற்றத்துக்குப் பிறகு இருக்கை 485: முதல் வகுப்பு 14, பிசினஸ் 70, பிரீமியம் எகானமி 60, எகானமி 341. முன்பு பிசினஸில் இரண்டிரண்டாக உட்கார்ந்த அமைப்பு போய், எல்லோருக்கும் நேரடியாக நடைபாதை கிடைக்கும் ஒன்று-இரண்டு-ஒன்று வரிசை வந்திருக்கிறது. பிரீமியம் எகானமி மேல்தளத்தில், இரண்டு-மூன்று-இரண்டு. பணத்துக்கு உகந்த இடம் இதுதான்: மேல்தளத்தில் ஜன்னலோரச் சுவர் சாய்வாக இருப்பதால் அங்கே பக்கவாட்டில் சாமான் பெட்டி கிடைக்கிறது, இன்ஜின் சத்தமும் குறைவு. எகானமி முழுக்கக் கீழ்த்தளத்தில், மூன்று-நான்கு-மூன்று. மேல்தளத்தின் பின்னால் முன்பு இருந்த சின்ன எகானமிப் பகுதியைத் தேடாதீர்கள், அதை எடுத்துவிட்டார்கள். வால் கேமராக் காட்சி இன்னும் உண்டு, ஓடுபாதையில் ஏறும்போது அதை விட்டுவிட வேண்டாம். வைஃபை இல்லாமலே திரும்பி வந்தது மட்டும் பழைய விமானம் என்று நினைவூட்டுகிறது. 13 மணி நேரப் பறப்பு என்றால் வேண்டியதைத் தரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பழுதானால் மாற்று கிடைப்பது கடினம். 2022 டிசம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து லண்டன் போன குவாண்டாஸ் ஏ380, சரக்கறையில் புகை என்று சென்சார் சொன்னதால் அஸர்பைஜானின் பாகூவில் இறங்கியது. புகை இல்லை, சென்சார்தான் தவறு. பயணிகளை மீட்கச் சிட்னியிலிருந்து இன்னொரு ஏ380யை அனுப்ப வேண்டியிருந்தது. குவாண்டாஸின் போயிங் 787-9இல் 236 இருக்கைதான். ஒரு ஏ380யை நிரப்பியவர்களுக்கு அவை இரண்டு போதாது. ஆகவே லண்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இறங்கி வேறு விமானம் பிடிப்பவர்கள், முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து இரண்டு மணி நேர இடைவெளி வைத்தால், ஒரு சென்சார் தவறினாலே அடுத்த டிக்கெட் பணம் போய்விடும்.