ஸ்ப்ரே வெக்ஸ்: மலைநாட்டுக் குளிருக்குச் சரிவருமா?

இரண்டு முழு பொலிஷுக்கு நடுவில் காரின் பெயின்டைப் பார்த்துக்கொள்ள, போத்தலில் இருந்து பீச்சித் துடைக்கும் மெழுகான ஸ்ப்ரே வெக்ஸ் நல்ல சாமான்தான். ஆனால் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரக் குளிரில் தாராளமாக அடித்தால் காயாது. எண்ணெய் பூசினது மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும். பாதி போனட்டுக்கு இரண்டு தடவை, அதையும் துணியில் அடித்துத் துடைத்து, உடனே காய்ந்த மைக்ரோஃபைபரால் ஒரு இழுப்பு. பளபளப்பு தானாக எழும்.

தோட்டத்து ரோட்டுச் சேறு ஒட்டியிருந்தால் போத்தலைத் தொடவே வேண்டாம். சேற்றிலுள்ள மணல் துணியோடு உருண்டு சிலந்திவலைக் கீறல் போடும். கறுப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் தண்ணீர் பீச்சி, ஷாம்பூ போட்டுக் கழுவணும்.

புதுக் குருவி எச்சத்துக்குக் கெட்டிக்காரச் சாமான்: நனைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்து பெயின்டை அரித்த தடத்தை மட்டும் இது போக்காது, அதற்கு பெயின்டை லேசாகத் தேய்த்தெடுக்கும் கொம்பவுண்ட் பசைதான்.