வடசென்னையில் போலீஸ் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றம்: என் மகனை அனுப்பிப் பார்த்ததில்

நான் ஆட்டோ ஓட்டுகிறேன், மனைவிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பள்ளி விட்டதும் பையன் எங்கே சுற்றுகிறானோ என்ற கவலை எங்களுக்கு எப்போதும் உண்டு. சென்னை காவல்துறை பல பகுதிகளில் நடத்தும் மன்றங்களில் ஒன்று எங்கள் தெரு முனையிலேயே இருக்கிறது. காசு எதுவும் கிடையாது.

மாலையில் முதலில் வீட்டுப்பாடம், அப்புறம்தான் கேரம், பாக்ஸிங். கணக்குச் சொல்லித் தரும் டீச்சர் பொறுமைசாலி. பின்னக் கணக்கைச் சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டிப் புரிய வைத்தார். ஆனால் என்னைக் கவர்ந்தது பாக்ஸிங்தான். காக்கி பேண்ட்டோடு வரும் ஏட்டையா ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் துணிப்பட்டையைத் தானே சுற்றிவிடுவார். கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டில் சுற்றி, "இறுக்கமா இருக்காடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளவுஸ் மாட்டுவார். போலீஸைக் கண்டால் சந்துக்குள் ஓடிய என் மகன் இப்போது அவரை "மாஸ்டர்" என்று கூப்பிட்டுப் பேசுகிறான்.

2022இல் சென்னை போலீஸே பள்ளிகளில் தொடங்கிய 'சிற்பி' திட்டத்தோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இது வேறு.

பெண் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி தர ஒரு பெண் காவலர் இருந்தால் என் தங்கை மகளையும் நாளைக்கே சேர்த்துவிடுவேன். பையன் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பக்கத்து ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள்.