பெரிய நாய்களின் மூட்டுத் தேய்வு: குளுக்கோசமைனா, மீன் எண்ணெயா, கொலாஜனா?

படுத்திருக்கும் நாய் எழும்போது முன்னங்கால்களை ஊன்றி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு பின்புறத்தை இழுத்துத் தூக்கினால், அதன் இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கள் லாப்ரடாருக்கு ஏழாவது வயதில் இது தொடங்கியது. நடக்கும்போது பின்னங்கால் நகங்கள் தரையில் உரசும் ஓசை கேட்டது; பிடித்துப் பார்த்தபோது நடுவிரல் நகங்கள் இரண்டும் மற்றவற்றைவிட அதிகமாக மழுங்கியிருந்தன. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்வு உறுதியான அன்றே குளுக்கோசமைன் மாத்திரை ஒரு டப்பா வாங்கினேன். ஒன்றரை ஆண்டு ஒருநாளும் விடாமல் கொடுத்த பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். முதலில் படித்திருந்தால் வேறொன்றைத்தான் வாங்கியிருப்பேன்.

குளுக்கோசமைன், கான்ட்ராய்ட்டின் ஆகிய இரண்டும் பெரும்பாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருகின்றன. முன்னது பொதுவாக இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், பின்னது மாட்டின் மூச்சுக்குழாய் அல்லது சுறாவின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. குருத்தெலும்பு எவற்றால் ஆனதோ அவற்றையே உண்ணக் கொடுத்தால் தேய்ந்தது வளரும் என்ற எண்ணம் மனத்துக்கு எளிதில் பிடிபடுகிறது. இவை இவ்வளவு விற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் வயிற்றுக்குள் போவதெல்லாம் மூட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 70 நாட்களுக்குப் பிறகு இந்தக் கலவையால் வலி குறைந்ததாகத் தெரிந்தது. அதற்கு முன் 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. நாய்களிலும் பூனைகளிலும் நடந்த 72 சோதனைகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த மறுஆய்வு, மூட்டுத் தேய்வு வலிக்கு இந்தக் கலவையைப் பரிந்துரைப்பதை நிறுத்த வேண்டும் என்றே முடிவு கூறியது. பெரும்பாலான நாய்களுக்கு இதனால் கெடுதல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கெடுதல் இல்லாத ஒன்றுக்காக மாதாமாதம் செலவழித்துக்கொண்டே, பலன் தரக்கூடியதைத் தள்ளிப்போடுவது நாய்க்கு நஷ்டம்.

அதே மறுஆய்வில் தெளிவான ஆதரவு பெற்றவற்றுள் முதன்மையானது மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3. இதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்னும் கொழுப்பு அமிலங்கள் மூட்டின் உட்சவ்வில் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் உருவாவதைக் குறைக்கின்றன. 2010இல் வெளியான ஆய்வுகளில், ஒமேகா-3 செறிந்த உணவை உண்ட நாய்கள் நோயுற்ற காலில் முன்னைவிட அதிக எடையை ஊன்றின. கார்ப்ரோஃபென் என்னும் வலிநிவாரணியின் அளவைக் குறைக்கவும் முடிந்தது. காலின் அழுத்தத்தை அளந்தது தரையில் பதித்த கருவி. உரிமையாளரின் ஆசை அதில் கலக்க முடியாது என்பதால் இந்த முடிவுகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பெரிய நாய்க்கு இங்கேதான் ஒரு சிக்கல். மூட்டுத் தேய்வுக்குக் கால்நடை மருத்துவத்தில் பேசப்படும் அளவு, கிலோவில் உள்ள உடல் எடையின் 0.75 அடுக்கைக் கணக்கிட்டு (40 கிலோவுக்கு அது சுமார் 16), அதன் ஒவ்வோர் அலகுக்கும் இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து சுமார் 310 மில்லிகிராம். 40 கிலோ நாய்க்கு இது ஏறக்குறைய 4.9 கிராம் ஆகும். சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் கேப்சூலைக் கையில் எடுத்துப் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்: இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். நாளுக்கு 16 கேப்சூல் வேண்டும்! ஒன்றோ இரண்டோ கொடுத்துவிட்டு 'மீன் எண்ணெயும் பார்த்தாயிற்று, பலனில்லை' என்று சொல்பவர்கள் உண்மையில் மீன் எண்ணெயைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. அந்த 16 கேப்சூலில் சுமார் 144 கலோரி இருப்பதும் கவலைக்குரியது. அந்த எடையுள்ள நாயின் ஒருநாள் தேவையில் அது கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஆகவே பெரிய இனங்களுக்கு அடர்த்தி கூடிய திரவ எண்ணெயே ஏற்றது. அதைச் சேர்க்கும்போது உணவில் அதற்கு ஈடாகக் குறைக்கவும் வேண்டும். முழு அளவை ஒரே நாளில் தொடங்கினால் வயிற்றுப்போக்கு வரும் என்பதால் மூன்று, நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றுவது நல்லது. காட் மீனின் ஈரல் எண்ணெயை இந்த அளவில் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ-யும் டி-யும் உடலில் சேர்ந்து நஞ்சாகும். ரத்தம் உறைவதை ஒமேகா-3 சற்று தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது போட்டியாளர் இயல்பு மாறாத இரண்டாம் வகைக் கொலாஜன். யுசி-2 என்ற பெயரில் கிடைக்கும் இது கோழியின் மார்பெலும்புக் குருத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இது மூட்டுக்குத் தீனி போடுவதில்லை; குடலின் நோயெதிர்ப்புத் திசுக்களுக்குக் கொலாஜனை மெல்ல அறிமுகப்படுத்தி, உடல் தன் சொந்தக் குருத்தெலும்பைத் தாக்குவதைத் தணிக்கிறது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. அதனால்தான் நாளுக்கு 40 மில்லிகிராம் போன்ற மிகச் சிறிய அளவே ஆய்வுகளில் பயன்பட்டது. எடைக்கேற்ப ஏற்ற வேண்டியதில்லை என்பதால் 60 கிலோ கிரேட் டேன் வளர்ப்பவருக்கு இது பெரிய வசதி. ஆதாரம் ஒமேகா-3 அளவுக்கு வலுவாக இல்லை, ஆயினும் குளுக்கோசமைனைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். கிராம் கணக்கில் கரண்டியால் போடும் கொலாஜன் பொடி முற்றிலும் வேறு பொருள். அதில் கொலாஜன் ஏற்கெனவே சிதைக்கப்பட்டிருக்கும். சூடுபட்டால் யுசி-2-வும் இயல்பு மாறிவிடும் என்பதால் சுடு உணவில் கலக்கக் கூடாது.

நியூசிலாந்தின் பச்சை உதட்டு மட்டிப் பொடி சில ஆய்வுகளில் மருந்துப்போலியைவிட (மருந்தே இல்லாத போலி மாத்திரை) நன்றாகவும், வலிநிவாரணியைவிடக் குறைவாகவும் வேலை செய்திருக்கிறது. மீன் எண்ணெய் வயிற்றுக்கு ஒத்துவராத நாய்க்கு முயன்று பார்க்கலாம். மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டிய இன்னொன்று டப்பாவில் விற்பதில்லை. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார்களை இணைகளாகப் பிரித்து, 24 இணைகளை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வில், ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு 25 சதவீதம் குறைவாக உணவளித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றினுடையது 11.2 ஆண்டுகள், மூட்டுத் தேய்வும் அவற்றில் தாமதமாகவே தோன்றியது. எந்தத் துணைச்சத்துக்கும் இப்படியொரு சான்று கிடையாது. எங்கள் நாய் 38 கிலோவிலிருந்து 33க்கு வந்தபோது ஏற்பட்ட மாற்றம், அந்த ஒன்றரை ஆண்டு மாத்திரையில் ஒருபோதும் தெரிந்ததில்லை.

கடுமையான வலியில் இருக்கும் நாய்க்கு இவற்றில் எதுவும் வலிநிவாரணிக்கு மாற்று ஆகாது. அதற்காக நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து இபுப்ரோஃபெனோ பாராசிட்டமாலோ எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை. மனிதர்களுக்கான மென்று தின்னும் மூட்டு மாத்திரைகளில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கக்கூடும், அதுவும் நாய்க்கு நஞ்சு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொடங்குங்கள், குறைந்தது எட்டு வாரம் கொடுங்கள். மருந்துப்போலி உண்ட நாயின் கால் அழுத்தத்தில் தரைக்கருவி எந்த மாற்றத்தையும் காட்டாதபோதும், நாய் தேறிவிட்டதாக உரிமையாளர்கள் பலர் சொல்வது 2012இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆகவே தொடங்கும் நாளில், காலையில் நாய் எழுந்து நடப்பதை ஒரு நிமிடம் படம்பிடித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடியும் படம்பிடியுங்கள். பிறகு இரண்டையும் தேதி சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுங்கள். எதில் நன்றாக நடக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், அந்த டப்பாவை மறுபடி வாங்க வேண்டாம்.