ஒரு கிலோ சிலிக்கான் வாங்கி ஏமாந்தேன்

கொலுவுக்கு வீட்டிலேயே சிறு பொம்மைகள் வார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாட்டி காலத்துத் தவழும் கிருஷ்ணன் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு மண் பொம்மை. அதற்கு அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பத்துப் பன்னிரண்டு வார்த்து உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடு பாரிமுனைப் பக்கம் ஒரு ரசாயனக் கடையில் ஒரு கிலோ திரவச் சிலிக்கான் ரப்பரும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும் வாங்கினேன்.

டப்பாவில் நிறுவனத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை. மார்க்கர் பேனாவால் '1 கிலோ' என்று மட்டும் எழுதியிருந்தது. பெரிய டிரம்மில் வாங்கிச் சில்லறையாக ஊற்றி விற்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஹார்டனர் புட்டியைப் பார்த்தபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். திரவம் அரிசி கழுவிய தண்ணீர் போல் கலங்கியிருந்தது. மூடியின் மரையில் வெள்ளைப் பொருக்கு. "குலுக்கி ஊற்றுங்கள் சார், சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர்.

100 கிராமுக்கு 3 கிராம் என்று அவர் சொன்ன கணக்கில் நிறுத்துக் கலந்து, பொம்மை மேல் ஊற்றினேன். மறுநாள் விரலை வைத்தால் உள்ளே போனது. எடுத்தால் பலாப்பிசின் போல் நூல் இழுத்தது. மூன்றாம் நாளும் அப்படியே. கேட்டதற்கு, "உங்கள் வீட்டில் ஈரப்பதம் அதிகம் சார்" என்றார். கோபம் வந்தது அங்கேதான். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் இந்த வகைச் சிலிக்கானுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்; வறண்ட காற்றில்தான் தாமதமாகும். ஈரத்தால் கெடுவது புட்டியிலிருக்கும் ஹார்டனர். மூடி சரியாக மூடாமல் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து வீரியம் இழந்துவிடும். கலங்கலும் பொருக்கும் அதன் அடையாளம்.

கிருஷ்ணனை மீட்க டர்பென்டைன் தேவைப்பட்டது. பிசின் போனது, கூடவே நீல வண்ணமும் போனது. ஒரு கன்னம் இப்போது செம்மண் நிறம்.

சண்டை போட்டு, பிரிக்காத ஹார்டனர் புட்டி ஒன்று வாங்கி வந்தேன். இம்முறை புத்தி வந்து, காகிதக் கோப்பையில் 50 கிராம் மட்டும் கலந்து பார்த்தேன். இரவுக்குள் இறுகியது. ஆனால் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், இட்லி போல் பிய்ந்து வந்தது.

மறுபடியும் கடைக்குப் போய், அடுத்தவருக்கு ஊற்றுவதை நின்று பார்த்தேன். வேலை செய்யும் பையன் டிரம்மின் மூடியைத் திறந்தான், மேலாக ஒரு குவளை மொண்டான், ஊற்றினான். கிளறவே இல்லை. பக்கத்திலிருந்த குச்சியை நான் விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அடியில் சுண்ணாம்புச் சாந்து போல் உறைந்து கிடந்தது.

சிலிக்கானில் நுண்தூள் ஒன்று கலந்திருக்கும். ரப்பருக்கு வலு பெரும்பாலும் அதிலிருந்துதான். நாள்பட்டால் அது அடியில் படியும், நீர்த்த பகுதி மேலே நிற்கும். இது குற்றமே அல்ல. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி, காற்று புகாமல் நிதானமாகக் கிளறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் கிளறாமல் மொண்டால் முதலில் வாங்குகிறவனுக்கு எண்ணெய், கடைசியில் வாங்குகிறவனுக்குச் சாந்து. அந்தக் கடைசிச் சாந்தை என்ன செய்வீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். "சிலிக்கான் எண்ணெய் விட்டு இளக்கிக் கொடுத்துவிடுவோம்" என்றார், ஏதோ கைவைத்தியம் சொல்வது போல. அப்படி இளக்கினால் அச்சு எளிதில் கிழியும், எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும்.

திறந்த டப்பாவைத் திரும்ப வாங்குவதில்லையாம். 850 ரூபாய் போயிற்று.

நிறுவனம் அடைத்த டப்பாவாக, தேதியும் தொகுதி எண்ணும் பார்த்து வாங்குங்கள். சில்லறையில்தான் கிடைக்கும் என்றால் உங்கள் கண்முன் டிரம்மை அடிவரை கிளறச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வந்துவிடுங்கள். மூலப் பொம்மை மேல் ஊற்றும் முன் கோப்பைச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

மீதி முக்கால் கிலோ பால்கனியில் இருக்கிறது. இரண்டு மாதமாகியும் அடியில் தூள் படியவே இல்லை. படிவதற்கு ஏதாவது இருந்தால்தானே.